கதவைக் காலி செய்தால் கார் பறக்குமா?

கார் ஷோரூமுக்குப் போகும் நம்மவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கிறார்களோ இல்லையோ, கதவை ஒருமுறை ஓங்கிச் சாத்திப் பார்க்காமல் திரும்புவதில்லை. 'டொம்' என்று அடங்கிய சத்தம் வந்தால் வண்டி கெட்டி. தகர டப்பாவைப் போல அதிர்ந்தால் மனசு இறங்கிவிடும். இந்த 'டொம்' சத்தத்துக்காகவே தயாரிப்பாளர்கள் கதவுத் தகட்டின் உட்புறம் தார் அட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். அது போதாதென்று ஆக்சஸரீஸ் கடையில் இன்னும் சில கிலோவுக்கு டேம்பிங் ஷீட்டும் பெரிய ஸ்பீக்கரும் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது இன்னொரு கூட்டம். கதவுக்குள் இருக்கும் கண்ணாடி, மோட்டார், ஸ்பீக்கர், அட்டை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, வெளித்தகட்டையும் கீலையும் மட்டும் மிச்சம் வைத்தால் கார் இலகுவாகி வேகம் பிடிக்கும் என்பது அவர்கள் கட்சி. பந்தயக் கார்களில் இது பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலைதான். அங்கே பார்த்ததைத் தினமும் ஆபீஸ் போகும் காரிலும் செய்து பார்க்கிற ஆசை இளைஞர்களிடம் இப்போது தொற்றிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு மிஞ்சும், எதை இழப்போம், யாருக்கு இது பொருந்தும் என்று ஒரு சுற்று கணக்குப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு கதவைப் பிரிப்போம். கைப்பிடிக் குழியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ. உள் ஹேண்டிலுக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டையும் கழற்றிவிட்டு ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி இழுத்தால், கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டு டோர் பேட் கையோடு வந்துவிடும். அதன் எடை 2 முதல் 3 கிலோ. அடுத்தது, கறுத்த பிசினால் ஒட்டப்பட்ட பாலிதீன் தாள். எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் இதைக் கிழித்து எறிகிறவர்கள் முதல் மழையில் வருந்துவார்கள். ஜன்னல் ரப்பர் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீரைக் கதவின் அடித்துளை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தத் தாள்தான். அது இல்லாவிட்டால் தண்ணீர் நேராகக் காலடி விரிப்புக்கு வரும்.

தாளுக்குப் பின்னே கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும் பவர் விண்டோ மோட்டாரும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 2 கிலோவுக்கு மேல். ஸ்பீக்கர் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ. கண்ணாடியின் எடையைத் தராசு இல்லாமலே போட்டுவிடலாம். ஒரு கன மீட்டர் கண்ணாடி 2,500 கிலோ. 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சதுர மீட்டருக்கு 10 கிலோ. முன்கதவுக் கண்ணாடி சுமார் 0.4 சதுர மீட்டர் இருக்கும், ஆக 4 கிலோ. அதே அளவில் 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒயர், சுவிட்ச், தார் அட்டை எல்லாம் சேர்த்தால் ஒரு முன்கதவிலிருந்து 9, 10 கிலோ வெளியே வரும்.

இனி கதவில் மிஞ்சுவது வெளித்தகடு, உள்தகடு, கீல், பூட்டு, குறுக்கே போகும் ஒரு பீம். இந்த பீம்தான் விவகாரமே. வெளித்தகடு முக்கால் மில்லிமீட்டர் கனம்தான், கட்டை விரலால் அழுத்தினால் நெளியும். பீம் அப்படியல்ல. 1,000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் மிகை வலிமை எஃகில் செய்த குழாய் அல்லது மடித்த பட்டை. எடை 2 கிலோ சுற்றளவில் இருக்கும். கதவிலுள்ள பொருட்களில் ஒரு கிலோவுக்கு அதிக வேலை செய்வது இதுதான். டோர் பேடைக் கழற்றிய கையோடு கிரைண்டரை எடுத்து இதையும் அறுத்துவிடுகிறவர்கள், 2 கிலோவுக்காகக் கதவின் உயிரையே அறுக்கிறார்கள்.

லாபத்தைப் பார்ப்போம். பீமைத் தொடாமல் இரண்டு முன்கதவுகளையும் காலி செய்தால் 20 கிலோ. ஆயிரம் கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் உள்ள காரில் இது 2 சதவீதம். வேகம் பிடிப்பதில் 2 குதிரைத்திறன் கூடியதற்குச் சமம். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 10 நொடி ஆகிறதென்றால், 9.8 நொடி ஆகும். பின்கதவுகளையும் சேர்த்துக் கழற்றினால் 35 கிலோ வரை போகலாம். டாங்கில் 27 லிட்டர் பெட்ரோலைக் குறைவாக நிரப்பினாலும் அதே 20 கிலோ குறைந்துவிடும், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக வேண்டாம்.

மைலேஜுக்காக என்று சொல்வதானால் அந்தப் பேச்சே எடுபடாது. 100 பவுண்டு, அதாவது 45 கிலோ கூடுதல் சுமை ஏற்றினால் எரிபொருள் சிக்கனம் சுமார் 1 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசு வாகன ஓட்டிகளுக்குச் சொல்லும் கணக்கு. 20 கிலோவுக்கு அரை சதவீதம்கூட வராது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 18 கொடுக்கும் காரில் மிஞ்சுவது மூன்று லிட்டருக்கும் குறைவு. டோர் பேடைத் திரும்ப மாட்டும்போது உடையும் கிளிப்புகளுக்கே அந்தக் காசு சரியாகிவிடும்.

எடை எங்கே குறைகிறது என்பது அடுத்த கேள்வி. சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் அது சுழலும் எடை, சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை என இரண்டு வகையில் பலன் தரும். கூரையில் குறைத்தால் ஈர்ப்பு மையம் இறங்கும். பிஎம்டபிள்யூ 2003-இல் எம்3 சிஎஸ்எல் காருக்குக் கார்பன் ஃபைபர் கூரை போட்டது இதற்காகத்தான். முன்மூக்கிலும் வாலிலும் குறைத்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். கதவோ இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரைத் திருப்பும்போது அதன் எடை அவ்வளவாகத் தடை செய்வதில்லை. அதனால்தான் பந்தயக் கார் தயாரிப்பில் ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், தார் அட்டை, பேட்டரி எல்லாம் முடிந்த பிறகே கதவின் முறை வரும்.

வரலாற்றில் கதவை இலகுவாக்கியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டாயத்தால்தான் செய்தார்கள். 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியில் ஏறி இறங்கும் கண்ணாடியே கிடையாது, பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடிதான். உள்ளே ரெகுலேட்டர் வேண்டாமாகிப் போனதால், கதவின் குழிவு முழுக்கப் பெரிய பையாக மாறியது. கதவைத் திறக்க ஒரு கயிறு. அங்கே நோக்கம் வேகமல்ல, இடமும் விலையும்.

வேகத்துக்காகக் கதவை வதைத்ததில் அமெரிக்கர்களை மிஞ்ச ஆளில்லை. 1968-இல் டாட்ஜ் டார்ட், பிளிமத் பாரகுடா கார்களில் 426 ஹெமி எஞ்சினைத் திணித்து, ஹர்ஸ்ட் நிறுவனம் கால் மைல் இழுவைப் பந்தயத்துக்கென்றே ஒரு சிறு தொகுதியைத் தயாரித்தது. முன் ஃபெண்டரும் பானட்டும் ஃபைபர் கிளாஸ். எஃகுக் கதவுகளை அமிலத்தில் முக்கி எடுத்துத் தகட்டை மெலிதாக்கினார்கள். ஜன்னலுக்கு கார்னிங் நிறுவனத்தின் மெல்லிய கெட்டிக் கண்ணாடி போட்டார்கள். ரெகுலேட்டரை எடுத்துவிட்டதால் கண்ணாடியை மேலே ஏற்ற ஒரு பட்டை. ஓட்டுநர் அந்தப் பட்டையைப் பிடித்து இழுத்து, அப்படியே மாட்டிவைக்க வேண்டும். சீட்டு, வேன் ஒன்றிலிருந்து வந்தது. இது பொதுச் சாலையில் ஓட்டத் தயாரிக்கப்பட்டதல்ல, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதும் அல்ல என்று கம்பெனியே காரில் அறிவிப்பு ஒட்டி விற்றது. இன்று சாலைக் காரின் கதவைக் குடைகிறவர்கள் அந்த அறிவிப்பை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போயிற்று. பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் அதே காரைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்பது விதி. அதற்காக 1972-இல் வந்தது பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல். கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். பக்கக் கண்ணாடிகளில் பிளெக்ஸிகிளாஸ். ஓசைத் தடுப்பு அட்டைகள் போயே போயின. சாதாரண மாடலைவிட ஏறக்குறைய 200 கிலோ குறைவு. ஆனால் பிரிட்டனுக்கு அனுப்பிய 500 கார்களில் 'சிட்டி பேக்கேஜ்' என்று பெயரிட்டு, ஓசைத் தடுப்பு முதலிய வசதிகளைத் திரும்ப ஏற்றித்தான் விற்க முடிந்தது. இறக்கியதை மறுபடி ஏற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள்!

போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இன்னும் தெளிவான சாட்சி. 1973 மாடலான இதன் இலகு வடிவத்தில் கதவுக்கு வெறும் தட்டை அட்டை, கைப்பிடிக்குப் பதில் துணிப் பட்டை, கண்ணாடியும் மெலிது. எடை 960 கிலோ. டூரிங் வடிவத்தில் முழுக் கதவு, முழு வசதி, 1,075 கிலோ. மொத்தம் செய்த 1,580 கார்களில் இலகு வடிவத்தை வாங்கியவர்கள் 200 பேர். டூரிங்கை வாங்கியவர்கள் 1,308 பேர். ஓட்டத் தெரிந்தவர்களே, காசு கொடுத்தவர்களே, கனமான கதவைத்தான் தேர்ந்தார்கள். அந்தத் துணிப் பட்டை இன்று போர்ஷேயின் விலையுயர்ந்த மாடல்களில் அலங்காரமாகத் தொங்குகிறது. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40 காரில் கதவைத் திறக்க ஒரு கம்பிக் கயிறுதான். ஆரம்ப கார்களில் மினியைப் போலவே தள்ளும் ஜன்னல். அது அந்தக் காரின் இயல்போடு ஒட்டியது, ஏனென்றால் அதில் தரைவிரிப்போ ரேடியோவோகூடக் கிடையாது.

2008-இல் ரெனோ கொண்டுவந்த மெகான் ஆர்26.ஆர் எனக்குப் பிடித்த உதாரணம். 123 கிலோவைக் குறைத்தார்கள். பின் சீட்டே இல்லை, பானட் கார்பன், பின்பக்கக் கண்ணாடிகள் எல்லாம் பாலிகார்பனேட். ஆனால் முன்கதவில் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. பயணியின் தலைக்குப் பக்கத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யோசித்து நிறுத்திய இடம் அது.

அந்த யோசனைக்குக் காரணம் பக்கவாட்டு மோதல். நேருக்கு நேர் மோதினால் பம்பரிலிருந்து டேஷ்போர்டு வரை நசுங்குவதற்கு முக்கால் மீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. எஞ்சின் அறையே உங்களுக்காக நசுங்கிக் கொடுக்கும். பக்கத்திலிருந்து மோதினால் உங்கள் தோளுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். அந்த ஒன்றரைச் சாணில் இருப்பவை டோர் பேட், உள்தகடு, பீம். டோர் பேடுக்கு உள்ளே இடுப்புப் பக்கம் வைக்கும் நுரைக் கட்டிகளும் அழகுக்கல்ல, இடுப்பெலும்பைக் காப்பதற்கு. அமெரிக்காவில் கதவின் வலிமைக்கான எஃப்எம்விஎஸ்எஸ் 214 விதி 1973 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓடும் தடுப்பை மோதவிட்டுச் சோதிக்கும் முறை 1990-களின் நடுவில் சேர்ந்தது. வால்வோ 1991-இல் 850 மாடலோடு, மோதல் விசையைக் கதவிலிருந்து தரைக்கும் கூரைக்கும் பிரித்து அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. இந்தியாவில் பக்கவாட்டு மோதல் சோதனை 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். 950 கிலோ எடையுள்ள, நசுங்கும் முகம் கொண்ட ஒரு வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் பக்கத்தை மோதும். அந்தச் சோதனையில் தேறிய கதவைத்தான் நாம் பட்டறையில் படுக்கப் போட்டு அறுக்கிறோம்.

பந்தயக்காரர்கள் மட்டும் அறுக்கலாமா என்று கேட்கலாம். அறுக்கலாம், ஆனால் அவர்கள் அறுப்பது ரோல் கேஜுக்கு, அதாவது காருக்குள் பொருத்தும் எஃகுக் குழாய்க் கூண்டுக்கு, இடம் விடுவதற்கு. கேஜின் பக்கக் குழாய்களை வெளிப்பக்கமாக வளைத்துக் கதவின் குழிவுக்குள் கொண்டுபோனால், ஓட்டுநருக்கும் எஃகுக்கும் இடையே இன்னும் ஒரு கை அகலம் கிடைக்கிறது. அமெரிக்க ஸ்டாக் கார்களில் பிறந்த இந்த முறைக்கு நாஸ்கார் பார் என்றே பெயர். இதற்கு உள்தகடும் கண்ணாடியும் பீமும் வழிவிட வேண்டும். எடைக் கணக்கைப் பாருங்கள்: 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்கு 2.2 கிலோ. கதவுக்குக் குறுக்கே இரண்டு குழாய் போட்டாலே 5 கிலோவுக்கு மேல். போன பீம் 2 கிலோ, வந்த குழாய் 5 கிலோ! கேஜ் முழுவதும் 40 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கதவைக் காலி செய்வது அந்த 40 கிலோவை ஈடுகட்டத்தான். போதாததற்கு, பல பந்தயப் பிரிவுகளில் குறைந்தபட்ச எடை வரம்பு உண்டு. அதற்கும் கீழே போனால் தரையில் ஈயக் கட்டி பூட்டி எடையை ஏற்றுவார்கள். அதிலும் ஆதாயம் உண்டு, ஏனென்றால் மேலே இருந்த எடை கீழே இறங்கிவிடுகிறது.

உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ-வின் விதிகளும் இதே தர்க்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ரேலிக் கார்களுக்கான அதன் பின்னிணைப்பு ஜே-யில், கதவின் பீமையும் டோர் பேடையும் எடுக்க அனுமதி உண்டு. ஆனால் அந்த இடத்தில் குறிப்பிட்ட வரைபடப்படி காம்போசிட் பாதுகாப்புப் பலகை பொருத்த வேண்டும். கதவின் உள் அமைப்பில் எதையும் அறுக்காதவர், டோர் பேடுக்குப் பதில் அரை மில்லிமீட்டர் உலோகத் தகடோ ஒரு மில்லிமீட்டர் கார்பனோ போட்டுக்கொள்ளலாம். எடுத்ததற்கு ஈடாக எதை வைத்தாய் என்றுதான் விதி கேட்கிறது. இந்தியாவில் எஃப்ஐஏ-வின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தயாராகும் போட்டிக் கார்கள் பரிசோதகர் முன்னால் நிற்கும்போது கேஜையும் கதவையும் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கும்.

கேஜ் இருந்தும் பக்கவாட்டு மோதல் கொல்லும் என்பதை ரேலி உலகம் 2005-இல் கண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று வேல்ஸ் ரேலியில் மார்க்கோ மார்ட்டின் ஓட்டிய பெஜோ 307, வழிகாட்டி மைக்கேல் பார்க் இருந்த பக்கமாக மரத்தில் மோதியது. பார்க் இறந்தார். பின்னால் வந்த உலக ரேலி கார்களின் காலிக் கதவுகள் ஆற்றலை உறிஞ்சும் நுரையால் நிரப்பப்பட்டன. எடையைக் குறைக்கக் காலி செய்த இடத்தில் எடையை ஏற்றியே ஆக வேண்டியிருந்தது.

சாலைக் காரில் யாரும் எதிர்பார்க்காத இன்னொரு சிக்கல் ஏர்பேக். பக்க ஏர்பேக் உள்ள பல கார்களில், கதவுக்குள் திடீரென்று காற்றழுத்தம் ஏறுவதை வைத்துத்தான் சென்சார் மோதலை உணர்கிறது. கதவின் குழிவு மூடியிருந்தால்தான் அழுத்தம் ஏறும். உள்தகட்டில் பெரிய ஓட்டை போட்டாலோ பாலிதீன் தாளைக் கிழித்தாலோ காற்று வெளியேறிவிடும், ஏர்பேக் தாமதமாக விரியலாம் அல்லது விரியாமலே போகலாம். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாது என்பதுதான் இதில் கொடுமை. சென்சார் நன்றாகவே இருக்கிறது, அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பாலிகார்பனேட்டுக்கும் இரண்டு முகம். இலகு, உடையாது. உடையாது என்பதே ஆபத்திலும் முடியும். சாதாரணக் கதவுக் கண்ணாடியை முனையுள்ள சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பொடிப்பொடியாக உதிரும். பூட்டு சிக்கிய காரிலிருந்து ஆளை வெளியே எடுப்பது அப்படித்தான். பாலிகார்பனேட்டை எத்தனை அடித்தாலும் குதித்து நிற்கும். நம் ஊர்த் தூசியில் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், தின்னர் பட்டால் மங்கிப் போகும். பந்தயக் காரில் கதவு வெளியிலிருந்தும் திறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, உதவிக்கு ஆளும் தயாராக நிற்கிறார். நெடுஞ்சாலையில் அப்படி யாரும் நிற்பதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றியதற்கு யாரும் கேட்கப் போவதில்லை. பீமை அறுத்த காரோடு விபத்தில் சிக்கினால், அபராதத்தைவிடக் காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விகள் பெரிதாக இருக்கும்.

கதவின் எடையைக் குறைக்கும் நியாயமான வழியைத் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். எஃகில் கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்தில் 2.7. அலுமினியத்தின் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் தகட்டைக் கொஞ்சம் கனமாக்க வேண்டும், அப்படியும் கதவின் எடை கிட்டத்தட்டப் பாதியாகும். 1994-இல் ஆடி ஏ8 முழு உடலையும் அலுமினியத்தில் செய்தது. விலைதான் இடிக்கிறது.

ஆகவே கேஜ் இல்லாத காரில் கதவை அறுக்காதீர்கள். டிராக்குக்கு மட்டும் போகும் காரானால், ரெகுலேட்டர், மோட்டார், ஸ்பீக்கர் வரை கழற்றுங்கள், பூட்டும் பீமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பழைய ரேலிக் காரையோ 'டிராக் பில்ட்' என்று விளம்பரம் செய்த காரையோ செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் டயரையும் டர்போவையும் பார்ப்பதற்கு முன், விற்பவரிடம் நான்கு டோர் பேடுகளையும் கழற்றச் சொல்லுங்கள். பீம் அறுபட்டிருந்து கேஜும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்தக் காரை வாங்க வேண்டாம்.